பயிர் வாடுமுன்னே அறியும்: வரட்சி, வெள்ளம், உவர் ஆகியவற்றைப் பயிர் உணரும் வகையும் கமக்காரர் செய்யவேண்டியனவும்

ஆடுமாடுகள் வெயில் மிகுந்தால் நிழலை நாடும். வெள்ளம் வந்தால் மேட்டு நிலத்தை நாடும். பயிருக்கு அவ்வசதி இல்லை. வித்து எங்கே முளைத்ததோ, நாற்று எங்கே நடப்பட்டதோ, அங்கே நின்றவாறே அது வரட்சியையும் வெள்ளத்தையும் உவரையும் வெப்பத்தையும் எதிர்கொள்ளல் வேண்டும். இடம்பெயர்ந்து தப்ப இயலாத பயிர் தன் உடலின் தொழிற்பாட்டை மாற்றித் தப்புகின்றது. அம்மாற்றம் எப்பொழுது தொடங்குகின்றது, எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அறிந்த கமக்காரர், நீரையும் பசளையையும் உரிய வேளையிற் பயன்படுத்தி விளைச்சலைக் காத்துக்கொள்ளலாம்.

இலை வாடிய பின்னரே பயிர் துன்புறுகின்றதெனப் பலர் எண்ணுவர். ஆனால், வாட்டம் கண்ணுக்குப் புலப்படுமுன்னரே பயிர் ஆபத்தை உணர்ந்து, இலையின் வளர்ச்சியைக் குறைத்து, நீர்ச்செலவைச் சுருக்கத் தொடங்கிவிடுகின்றது. இதனால் அதன் உயிர் காக்கப்படுகின்றது; ஆயின் அதற்குரிய விலை விளைச்சலாகச் செலுத்தப்படுகின்றது. பயிரின் நோக்கம் உயிர் பிழைத்து ஒரு சில வித்துக்களையேனும் விட்டுச் செல்லுதல். கமக்காரரின் நோக்கமோ ஒவ்வொரு கதிரும் நிறைந்திருத்தல். இவ்விரு நோக்கங்களும் எக்காலத்தும் ஒன்றாய் இருப்பதில்லை. எந்தப் பருவத்திற் பயிரை அச்சுறாது காத்தல் வேண்டும், எந்தப் பருவத்திற் சிறிது கடினப்படுத்தலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுதற்கு இக்கட்டுரை உதவும்.

கலத்தினுள் நிகழ்வது யாது?

பயிரின் வேர், தண்டு, இலை, பூ யாவும் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய கலங்களால் ஆனவை. ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு சூழ்ந்திருக்கின்றது. இம்மென்சவ்வு வெறும் உறையன்று. வெளியே நடப்பதை உள்ளே அறிவிக்கும் வாயிற்காவலும் அதுவே. நீர் குறைதல், உப்பு மிகுதல், வெப்பம் ஏறுதல், புழு கடித்தல் ஆகிய ஒவ்வொன்றும் மென்சவ்விலும் அதிலுள்ள புரதங்களிலும் மாற்றத்தை உண்டாக்குகின்றது.

அம்மாற்றத்தை உள்ளே கொண்டு செல்லும் தூதுப் பொருள்களுட் கல்சியம் முதன்மையானது. இதனைக் குளமும் வயலும் போலக் கருதலாம். கலத்தின் வெளிப்புறத்தே கல்சியம் நிறைந்திருக்கின்றது. உள்ளேயுள்ள கலச்சாற்றில் அது வெளியே உள்ளதிற் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஆபத்து நேர்ந்தவுடன் மென்சவ்விலுள்ள சிறு மதகுகள் திறக்கின்றன. கல்சியம் உள்ளே பாய்கின்றது. சற்றுப் பொழுதில் அது மீண்டும் வெளியேற்றப்படுகின்றது. கல்சியம் ஏறியிறங்கும் வேகத்தையும் அளவையும் சில புரதங்கள் உணர்ந்து, செய்தியைக் கலத்தின் கருவுக்குக் கொண்டு சேர்க்கின்றன. அங்கே உறங்கிக் கிடந்த பரம்பரையலகுகள் விழித்துப் புதிய புரதங்கள் ஆக்கப்படுகின்றன. வேறு சில பரம்பரையலகுகள் அடங்கிவிடுகின்றன. பயிரின் போக்கே மாறுகின்றது.

இச்செய்தி ஒரு கலத்தோடு நின்றுவிடுவதில்லை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியை வைத்து யப்பானிய, அமெரிக்க விஞ்ஞானிகள் நடத்திய ஆராய்ச்சியொன்று 2018 இல் வெளிவந்தது. புழு ஓர் இலையைக் கடித்தபொழுது, கல்சியம் பெருகும் அலை செக்கனுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வேகத்திற் பரவி, ஓரிரு நிமிடங்களில் வேறு இலைகளைச் சென்றடைந்தமை அதிற் கண்கூடாகக் காட்டப்பட்டது. கடிபடாத இலைகளும் தற்காப்புக்கு ஆயத்தமாயின. நரம்போ மூளையோ இல்லாத பயிர் இவ்வாறு தன் உடலெங்கும் செய்தி பரப்புகின்றது.

வரட்சியும் இலைவாய்களும்

வேர் உறிஞ்சும் நீரிற் பெரும்பகுதி இலையிலுள்ள நுண்ணிய துவாரங்கள் வழியாக ஆவியாய் வெளியேறுகின்றது. இத்துவாரங்களை இலைவாய்கள் என்பர். பயிர் தன் உணவை ஆக்குதற்கு வேண்டிய காபனீரொட்சைட்டு வாயு உட்செல்வதும் இவ்வழியாகவே. ஒவ்வோர் இலைவாயின் இருபுறத்தும் இரண்டு காவற்கலங்கள் உள்ளன. இவை நீரால் நிறைந்து பருத்திருக்கும்பொழுது வாய் திறந்திருக்கும். தளர்ந்தால் வாய் மூடும்.

மூடுமாறு கட்டளை இடுவது ஓர் ஓமோன். 1963 ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவிற் பருத்திக்காய் உதிர்வதை ஆராய்ந்தோரும், பிரித்தானியாவில் மரங்களின் அரும்புகள் உறங்குவதை ஆராய்ந்தோரும் தனித்தனியே ஒரு பொருளைக் கண்டனர். இரண்டும் ஒன்றே என்பது 1965 இல் தெளிவாயிற்று. பின்னர் அதற்கு அப்சிசிக்கமிலம் என்னும் பெயர் நிலைத்தது. வாடும் கோதுமை இலைகளில் இவ்வமிலம் பன்மடங்கு பெருகுதல் 1969 இல் அறியப்பட்டது. இவ்வமிலம் காவற்கலத்தை அடைந்ததும் அதிலுள்ள பொற்றாசியம் வெளியேறுகின்றது, அதனைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகின்றது, கலம் தளர்கின்றது, இலைவாய் மூடுகின்றது. இவ்வமிலத்தை ஏற்கும் புரதங்கள் எவை என்பது 2009 இலேயே ஐயமறத் துணியப்பட்டது.

இலைக்கு நீர் குறையுமுன்னரே இது நிகழக்கூடும். சோளச் செடியின் வேர்களை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை ஈர மண்ணிலும் மறு பகுதியை உலரும் மண்ணிலும் வளர்த்த பரிசோதனை ஒன்று 1985 இல் வெளியாயிற்று. ஈர மண்ணிலிருந்த வேர்கள் போதிய நீரை வழங்கின, இலை வாடவில்லை. இருந்தும் இலைவாய்கள் ஒடுங்கத் தொடங்கின. உலரும் மண்ணிலிருந்த வேர்கள் இலைக்குச் செய்தி அனுப்பின என்றே இதற்குப் பொருள் கொள்ளல் வேண்டும். நீரின் இழுவிசையில் ஏற்படும் மாற்றமும், வேரிலிருந்து மேலேறும் சிறு புரதத் துண்டுகளும் இச்செய்தியிற் பங்குகொள்ளுகின்றன.

இலைவாய் மூடினால் நீர் மிஞ்சும். ஆனால் காபனீரொட்சைட்டு உட்செல்லாது. உணவாக்கம் தடைப்படும். நீர் ஆவியாகும்பொழுது உண்டாகும் குளிர்ச்சியும் இல்லாமற் போவதால் இலையும் கதிரும் சூடேறும். நெற்பயிரில் இலை சுருண்டு குழல்போல் ஆதல் இந்நிலையின் வெளி அடையாளம். காலையிலும் மாலையிலும் விரிந்து, உச்சி வெயிலில் மட்டும் சிறிது சுருளும் இலை முன்னெச்சரிக்கை தருகின்றது. காலையிலேயே சுருண்டு காணப்படும் இலை, விளைச்சல் ஏற்கெனவே குறையத் தொடங்கிவிட்டதைக் காட்டுகின்றது.

எப்பருவத்தில் நீர் குறையலாகாது?

நெற்பயிர் மட்டம் வெடிக்கும் பருவத்தில் நீர் சிறிது குறைந்தால், பின்னர் நீர் கிடைத்தவுடன் அது பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் கதிர் வெளிவருவதற்கு முந்திய இரு வாரங்களும் பூக்கும் நாட்களும் அத்தகையன அல்ல. குடலைப் பருவத்திலேயே மகரந்தம் உருவாகின்றது. அப்பொழுது வரட்சிச் செய்தி பூவை எட்டினால், மகரந்தத்துக்குச் செல்லவேண்டிய வெல்லம் தடைப்பட்டு அது மலடாகின்றது. அதன் பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினும் பதரான நெல் மணியாகாது.

வெப்பமும் இதனோடு சேர்ந்துகொள்ளும். நெற்பூ காலையிலிருந்து நண்பகல் வரையுள்ள பொழுதிற் சற்று நேரமே திறந்திருக்கும். அவ்வேளையில் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்கு மேற்படின் மகரந்தம் சிந்துவதும் முளைப்பதும் குன்றிப் பதர் பெருகும். நீர் நிறைந்த பயிர் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். நீர் குறைந்த பயிருக்கு அவ்வாற்றல் இல்லை. ஆகவே குளத்து நீர் அருகியுள்ள சிறுபோகத்தில், இருக்கும் நீரைத் தொடக்கத்திலேயே தாராளமாகச் செலவிட்டுப் பூக்கும் பருவத்தில் வானத்தை நோக்கியிருத்தல் தகாது. நீருக்கேற்பப் பரப்பைச் சுருக்கிப் பகிர்ந்து விதைக்கும் பெத்ம முறையின் நன்மை இங்கே விளங்கும். அரை நீரில் முழுப் பரப்பையும் செய்வதிலும், முழு நீரிற் பாதிப் பரப்பைச் செய்தல் நன்று.

வயலில் எந்நேரமும் நீர் கட்டி நிற்றல் வேண்டுமென்பதும் இல்லை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிவரும் எளிய முறையொன்று உண்டு. ஏறத்தாழ 12 அங்குல நீளமுள்ள குழாயொன்றை அல்லது கணு நீக்கிய மூங்கிற்றுண்டொன்றை எடுத்து, அதன் கீழ்ப்பாதியிற் பல துளைகளிட்டு, அப்பாதியை வயலிற் புதைத்து உள்ளேயுள்ள மண்ணை அகற்றிவிடல் வேண்டும். குழாயினுள் நீர்மட்டம் தெரியும். அது மண்ணின் மேற்பரப்புக்குக் கீழ் 6 அங்குலம், அதாவது 15 சதமமீற்றர், இறங்கும்வரை நீர் பாய்ச்சத் தேவையில்லை. அதுவரை வேர்கள் ஈரத்திலேயே இருப்பதால் விளைச்சலைக் குறைக்கும் அளவுக்கு வரட்சிச் செய்தி எழுவதில்லை. நட்ட முதலிரு வாரங்களிலும், பூப்பதற்கு ஒரு வாரம் முன்னிருந்து பூத்தபின் ஒரு வாரம் வரையிலும் இம்முறையைக் கைவிட்டு, 2 அங்குல நீர் நிறுத்தல் வேண்டும். உவர் வயல்களுக்கு இம்முறை ஏற்றதன்று. மண் உலரும்பொழுது உப்புச் செறிவு கூடும்.

இலைவாயைத் திறந்து மூடுதற்குப் பொற்றாசியம் இன்றியமையாதது என முன்னர்க் கண்டோம். பொற்றாசியம் குறைந்த பயிர் தன் வாயில்களைச் சரிவர அடைக்கவும் திறக்கவும் இயலாது விரைவில் வாடும். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொற்றாசியத்திற் பெரும்பங்கு மணியில் அன்று, வைக்கோலிலேயே தங்குகின்றது. வைக்கோலைக் களத்தில் எரித்துவிடாது வயலுக்கே திருப்பி இடுதல், அடுத்த போகத்தில் வரட்சியைத் தாங்கும் வலிமையைப் பயிருக்குக் கொடுப்பதாகும்.

வெள்ளத்தில் மூழ்கிய பயிர்

1901 ஆம் ஆண்டில் உருசியாவின் சென் பீற்றர்ஸ்பேக் நகரில் நெலியுபோவ் என்பார், ஆய்வுகூடத்தில் வளர்த்த பயற்றங்கன்றுகள் கோணலாகவும் குட்டையாகவும் வளர்வதற்கு விளக்கெரிக்கும் வாயுவிற் கலந்திருந்த எதிலீனே காரணமெனக் காட்டினார். பயிர்கள் தாமே இவ்வாயுவை ஆக்குகின்றன என்பது பின்னர் அறியப்பட்டது. பழம் பழுப்பதும் இலையும் பூவும் உதிர்வதும் இதன் செயல்களே.

சாதாரண காலத்தில் எதிலீன் இலையிலிருந்து காற்றிற் கலந்து போய்விடும். வாயுக்கள் நீரிற் பரவும் வேகமோ காற்றிற் பரவும் வேகத்திற் பத்தாயிரத்தில் ஒரு பங்கே. ஆகையால் நெற்பயிர் மூழ்கியதும் எதிலீன் வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகின்றது. பயிர் இத்தேக்கத்தைக் கொண்டே தான் மூழ்கியதை அறிகின்றது. அறிந்தவுடன் பெரும்பாலான நெல்லினங்கள் ஜிபரெலின் என்னும் வேறோர் ஓமோனின் செயலைப் பெருக்கி, நீர்மட்டத்துக்கு மேலே தலை நீட்டுதற்காக விரைந்து நெடிதாய் வளர்கின்றன. இந்த ஓமோனும் நெல்லிலிருந்தே அறியப்பட்டது. நாற்றுக்கள் வெளிறி அளவுக்கு மீறி நெடுத்துச் சாயும் நோயை ஆராய்ந்த யப்பானியராகிய குரோசாவா, நோய்ப் பங்கசு சுரக்கும் ஒரு பொருளே அதற்குக் காரணமென 1926 இல் எடுத்துக்காட்டினார்.

வெள்ளம் மெல்ல ஏறி நெடுநாள் நிற்கும் நாடுகளில் இவ்வாறு நெடிது வளர்தல் பயிரைக் காக்கும். சில நாட்களில் வடியும் வெள்ளத்திலோ அது கேடாய் முடிகின்றது. சேமித்த மாப்பொருளை எல்லாம் வளர்ச்சியிற் செலவிட்ட பயிர், நீர் வடிந்ததும் தாங்குவாரின்றிச் சாய்ந்து அழிகின்றது. இதற்கு மாறாக, மூழ்கியவுடன் வளர்ச்சியை நிறுத்தி, சேமிப்பைக் காத்து, நீர் வடிந்தபின் மீண்டும் வளரும் நெல்லினங்கள் சிலவும் உண்டு. இந்தியாவின் ஒரிசாவைச் சேர்ந்த எப்.ஆர். 13 ஏ என்பது அவற்றுட் பெயர்பெற்றது. எமது நாட்டு நெல்லினங்களாகிய குர்க்கருப்பன், கொடஹீனட்டி, தவளு என்பனவும் மூழ்கலைத் தாங்குவனவென ஆராய்ச்சியிற் கண்டறியப்பட்டுள்ளன. பாட்டன் முப்பாட்டன் காலத்து வித்துக்களைப் பேணிவைத்தலின் பயனை இதனாலும் உணரலாம்.

எப்.ஆர். 13 ஏ இனத்தில் இவ்வாற்றலைத் தரும் பரம்பரையலகு 2006 இல் அறிவிக்கப்பட்டது. எதிலீனின் செய்தியைக் கேட்டவுடன் ஜிபரெலினின் செயலுக்கு அணையிடுவதே அதன் தொழில். கலப்புப் பிறப்பாக்கத்தின் மூலம் சுவர்ணா என்னும் இந்திய நெல்லினத்துக்கு இது மாற்றப்பட்டு, 2009 இல் அந்நாட்டிற் கமக்காரருக்கு வெளியிடப்பட்டது. இத்தகைய பயிர் இரு வாரம் வரை முற்றாக மூழ்கியிருந்தும் பிழைக்கக்கூடும்.

வெள்ளம் வடிந்ததும் கமக்காரர் செய்யும் செயல்களிலே பயிரின் வாழ்வு தங்கியிருக்கின்றது. திடீரென வெயிலும் காற்றும் படுதலால் நலிந்த பயிர் மேலும் தாக்குறும். ஆகவே வயலை ஒரேயடியாக உலரவிடாது மெல்லிய நீர்ப்படை ஒன்றை நிறுத்துதல் நன்று. இலையிற் படிந்த சேற்றை இயன்றவரை கழுவிவிடல் வேண்டும். பயிர் மஞ்சளித்துக் காணப்படுவது கண்டு உடனே யூரியா இடலாகாது. சேமிப்பு இழந்த பயிருக்கு அது பயன்படாது. ஏறத்தாழ ஒரு வாரம் பொறுத்துப் புதிய இலை தோன்றியபின் நைதரசன், பொற்றாசியப் பசளைகளை இடலாம். பழைய இலைகள் அழுகினும் பயிர் இறந்துவிட்டதென அவசரப்பட்டு உழுதுவிடலாகாது. சில பயிர்களின் அடித்தண்டைப் பிளந்து பார்த்தல் வேண்டும். உள்ளே குருத்து வெண்மையாகவும் உறுதியாகவும் இருப்பின் அது மீண்டும் துளிர்க்கும். கபில நிறமாகி நைந்திருப்பின் பிழைக்காது.

தோட்டப் பயிரும் தேங்கிய நீரும்

தக்காளி, மிளகாய், கத்தரி முதலியன வேரடியில் நீர் தேங்குதலைப் பொறுக்கமாட்டா. தக்காளிச் செடியில் நிகழ்வது கவனத்துக்குரியது. நீர் தேங்கிய மண்ணில் ஒட்சிசன் இல்லை. எதிலீனாக மாறவல்ல ஒரு பொருள் அவ்வேரிற் சேர்ந்து தண்டுவழியே மேலேறுகின்றது. ஒட்சிசன் உள்ள இலையை அடைந்ததும் அது எதிலீனாகின்றது. அதனால் இலைக்காம்பின் மேற்புறம் மிகுதியாக வளர்ந்து, இலை முழுவதும் கீழ்நோக்கி வளைந்து தொங்குகின்றது.

இவ்வாறு தொங்கும் இலையை வாட்டமெனக் கருதி மேலும் நீர் ஊற்றினால் செடி இறந்துபோகும். இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் எளிது. நீர் குறைந்து வாடிய இலை துவண்டு மெத்தென்றிருக்கும். நீர் தேங்கியதால் வளைந்த இலையோ தொடக்கத்தில் விறைப்புக் குறையாது, காம்பிலிருந்தே கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஐயம் தோன்றின் நீர் ஊற்றுமுன் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்த்தல் போதும். மாரிகாலச் செய்கைக்கு உயர்த்திய பாத்திகளும் ஆழமான வடிகால்களும் முன்னதாகவே அமைத்தல் வேண்டும்; மழை தொடங்கிய பின்னர் வடிகால் வெட்டுதல் காலங்கடந்த செயல்.

மிளகாயிற் பூ உதிர்தலும் பெரும்பாலும் இத்தகைய செய்திகளின் விளைவே. ஒரு வாரம் காயவிட்டு மறு வாரம் வெள்ளம்போல் நீர் பாய்ச்சப்படும் செடி, தன்னாற் காக்க இயலாத பூக்களையும் பிஞ்சுகளையும் உதிர்த்துவிடும். நீரைச் சிறிது சிறிதாக, ஒழுங்கான இடைவெளியிற் பாய்ச்சுதலும், வரிசைகளின் இடையே வைக்கோல் பரப்பி மண் ஈரத்தைக் காத்தலும் இதனைக் குறைக்கும்.

உவரின் இரு தாக்கங்கள்

உப்பு மிகுந்த மண் பயிரை இரு முறை தாக்குகின்றது. முதலாவது தாக்கம் உடனே நிகழும். மண்ணிலே நீர் இருந்தும் உப்பு அதனைப் பிடித்துவைத்திருப்பதால் வேரால் எளிதில் உறிஞ்ச முடிவதில்லை. பயிர் இதனை வரட்சியென்றே உணர்ந்து வளர்ச்சியைக் குறைக்கின்றது. இரண்டாவது தாக்கம் நாட்செல்லத் தோன்றும். சோடியம் இலைகளிற் சேர்ந்து நஞ்சாகி, முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் கருகுகின்றன.

சோடியம் நுழைந்தவுடன் வேர்க்கலங்களிற் கல்சியம் பெருகுகின்றது. அச்செய்தியைப் பெற்ற புரதங்கள் மென்சவ்விலுள்ள பம்பிகளை இயக்கிச் சோடியத்தை வெளியே இறைக்கச் செய்கின்றன. நீரோடு மேலேறும் சோடியத்தை வழியிலேயே மறித்து இலைக்குச் செல்லவிடாது தடுக்கும் புரதமொன்றும் நெல்லில் உண்டு. அதன் பரம்பரையலகு, நொனா பொக்ரா என்னும் இந்திய நெல்லினத்திலிருந்து 2005 இல் அறியப்பட்டது. கேரளத்தின் உவர் வயல்களில் நெடுங்காலம் விளைந்துவரும் பொக்காளி நெல்லும் உவர் தாங்கும் புதிய இனங்களை ஆக்குதற்கு உலகெங்கும் பயன்படுகின்றது. எமது நாட்டில் உவர் வயல்களுக்கு ஏ.ரீ. 354 போன்ற இனங்கள் உள்ளன.

எல்லாப் பயிர்களும் உவரை ஒரேயளவில் தாங்கா. மண்ணின் உப்பளவை மின்கடத்து திறனாற் கணித்து, மீற்றருக்கு இத்தனை டெசிசீமன் எனக் கூறுவர். போஞ்சியின் விளைச்சல் 1.0 என்னும் அளவுக்கு மேலும், வெங்காயம் 1.2 க்கு மேலும், மிளகாய் 1.5 க்கு மேலும், தக்காளி 2.5 க்கு மேலும், நெல் 3.0 க்கு மேலும், பீற்றூட் 4.0 க்கு மேலும் குறையத் தொடங்கும். ஆகவே போஞ்சி கருகிய நிலத்திற் பீற்றூட் செழிக்கக்கூடும். மண்ணைப் பரிசோதித்தபின் பயிரைத் தெரிவு செய்தல் வீண் செலவைத் தவிர்க்கும்.

நெற்பயிர் இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உவருக்கு மிகவும் அஞ்சும். ஆதலின் உவர் வயலில் மிக இளைய நாற்றை நடாது, சற்று முதிர்ந்த நாற்றை நடுதல் நன்று. மாரியின் முதல் மழைநீரை வயலிற் கட்டி, மண்ணைக் கலக்கி, உப்புக் கரைந்த அந்நீரை வடித்துவிட்டபின் செய்கையைத் தொடங்கல் வேண்டும். கடலோரப் பகுதிகளில் உவர்நீர்த் தடுப்பணைகளையும் கதவுகளையும் காலத்துக்குமுன் சீர்செய்தல் பொதுக் கடமை. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சுண்ணாம்புக்கல்லினுள் தேங்கியுள்ள நன்னீர், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படையாகும். கிணற்றை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலெழும். ஒரு தோட்டத்தில் மிகையாக இறைத்த நீருக்கு அயற்றோட்டத்தின் வெங்காயமும் விலை கொடுக்க நேரிடும்.

நாற்றைப் பழக்குதல்

இதுவரை கூறியவற்றால், பயிரை எக்காலத்தும் துன்பமறியாது வளர்த்தலே நன்றென எண்ணலாகாது. சிறிய அளவிலான வரட்சியையும் வெயிலையும் ஒருமுறை உணர்ந்த நாற்று, அடுத்த முறை விரைவாகத் தன்னைக் காத்துக்கொள்ளுகின்றது. அதன் இலையின் மெழுகுப்படை தடிக்கின்றது, கலச்சாறு செறிவுறுகின்றது, தற்காப்புப் பரம்பரையலகுகள் எளிதில் விழித்தெழும் நிலையில் இருக்கின்றன.

தக்காளி, மிளகாய், கத்தரி, கோவா நாற்றுக்களைப் பிடுங்குவதற்கு ஏழு முதற் பத்து நாட்களுக்கு முன்னிருந்து நிழலைப் படிப்படியாக நீக்கி, நீர் ஊற்றும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டல் வேண்டும். நாற்று முற்றாக வாடும்வரை விடலாகாது. அது பழக்குதல் ஆகாது, ஒறுத்தலாகும். பிடுங்குவதற்கு முன் மேடையை நன்கு நனைத்து, மாலை வேளையில் நடுதல் சிறந்தது. நிழலிலும் மிகை நீரிலும் மிகை யூரியாவிலும் வளர்ந்த நாற்றுப் பார்வைக்குச் செழிப்பாய் இருக்கும்; தோட்டத்தில் நட்ட மறுநாளே அதன் வலிமையின்மை வெளிப்படும்.

மனத்திற் கொள்ளவேண்டியன

1. காலையிலேயே இலை சுருண்டிருத்தல் காலங்கடந்த எச்சரிக்கை. நண்பகலிற் சுருளத் தொடங்கும்பொழுதே நீருக்கு வழி தேடுக.

2. நீர் அருகிய போகத்தில், கதிர் வெளிவரும் முன்னுள்ள இரு வாரங்களுக்கும் பூக்கும் நாட்களுக்கும் வேண்டிய நீரை முதலில் ஒதுக்கி வைக்க.

3. வைக்கோலை எரியாது வயலுக்கே இடுக.

4. வெள்ளம் வடிந்த வயலில் ஒரு வாரம் பொறுத்துப் பசளை இடுக. அடித்தண்டைப் பிளந்து பாராது பயிரை உழுதுவிடற்க.

5. தக்காளி இலை தொங்கினால் நீர் ஊற்றுமுன் மண்ணைத் தொட்டுப் பார்க்க.

6. உவர் நிலத்தில் மண்ணைப் பரிசோதித்தபின் பயிரையும் இனத்தையும் தெரிவு செய்க.

7. தோட்ட நாற்றுக்களை நடுமுன் வெயிலுக்கும் குறைந்த நீருக்கும் பழக்குக.

மண் பரிசோதனை, உமது பகுதிக்கேற்ற நெல்லினம், பசளையின் அளவு ஆகியன பற்றி உமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ கேட்டறியலாம். செல்லும்பொழுது பாதிக்கப்பட்ட பயிரொன்றை வேரோடும் வேரடி மண்ணோடும் எடுத்துச் செல்லுதல் நன்று. இலையிற் காணும் குறிக்குரிய காரணம் பெரும்பாலும் வேரிலேயே இருக்கும்.